ரெண்டு கட்டை இறக்கம்

தென்னரசு மேல் ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கல்யாணக் கச்சேரியில் யார் எதைப் பாட ஆரம்பித்தாலும் கீபோர்டில் பின்னாலேயே ஓடிப் பிடித்துவிடுகிறவன் அவன். அப்பேர்ப்பட்டவன் திண்டிவனத்து மாதா கோயிலில் வாராவாரம் தாளத்துக்கு ரிதம் பேடைத் தட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பானா? அவன் கண், கோயில் கீபோர்டு முன்னால் தான் உட்காருகிற நாற்காலி மேல்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த நாற்காலி அவளுக்கு லேசுப்பட்டதில்லை. மற்ற நாளெல்லாம் கடலை மில்லில் மல்லாட்டைப் பருப்பு பொறுக்குகிறவளை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரே நிமிர்ந்து பார்க்கும். கற்ற பாட்டை ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பாள். ஆனால் பாட்டு முடிந்தால் கையும் நின்றுவிடும். நற்கருணை வாங்குகிற வரிசை பாதிகூட நகர்ந்திருக்காது. கோயிலே தொண்டையைக் கனைக்கும். புதிதாக வந்த ஃபாதர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு முடிஞ்சாலும் மனசுல வர்றதை வாசிச்சிக்கினே இருங்கம்மா. ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். வரலைன்னா தென்னரசு வாசிக்கட்டும்."

மனசில் வருவதாம்! அவள் மனசில் வந்ததெல்லாம் தென்னரசுதான்.

ஆனாலும் விடவில்லை. வேலை விட்டு வந்ததும் வீட்டிலிருந்த பழைய கீபோர்டில் உட்காருவாள். பாட்டின் ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு நகர்வாள், வழி தெரியாமல் முழிப்பாள், எப்படியோ திரும்பி வருவாள். காது சொல்ல விரல் கேட்கத் தொடங்கியது. கோயிலில் மட்டும் எல்லாம் பேஜார். தொட்ட கட்டையில் அவள் நினைத்த சத்தம் வராமல் வேறு ஏதோ வரும், குழம்பிப்போய் நிறுத்திவிடுவாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்து மூடப் போகும்போதுதான் திரையைக் கவனித்தாள். சுதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸில் ரெண்டு கட்டை இறக்கியிருந்தது. சுவிட்சைப் போட்டால் பூஜ்யத்தில் நிற்க வேண்டியது! யாரோ வாராவாரம் கை வைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ?

"இதை யாருப்பா எறக்கினது?"

"எனக்கு எதுக்குக்கா அந்த வேலை?" என்றான் தென்னரசு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்கிறவனை எப்படி நம்புவது?

ஈஸ்டர் காலைப் பூசைக்கு முதல் ஆளாக வந்து, சுவிட்சைப் போட்டு, கீபோர்டை விட்டு நகராமல் காவல் இருந்தாள். ஒயர் சொருக வந்த தென்னரசை விரட்டினாள். மைக்கில் முன்பாட்டுப் பாடுகிற புனிதா, பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, வழக்கம்போலக் கீபோர்டைத் துடைக்கத் துண்டோடு வந்தாள். "தள்ளுடி, தொடைச்சிட்டுத் தர்றேன்."

"தொடைச்சாச்சு. நீ போய் மைக்கைப் பாரு."

புனிதா துண்டைச் சுருட்டிக்கொண்டு, கீபோர்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மைக் பக்கம் போனாள்.

நற்கருணைப் பாட்டின் சரணம் மேலே ஏறுகிற இடத்தில் புனிதாவின் குரல் கீறி, உடைந்து, நின்றேபோனது. தலைகள் திரும்பின. மைக்கைப் பிடித்தபடி அவள் விறைத்து நின்றாள். ஐயோ பாவமே என்றிருந்தது ஜெசிந்தாவுக்கு. குரல் நின்ற இடத்திலேயே விரலை வைத்தாள். மேலே போகாமல் கீழே இறங்கினாள். அங்கிருந்து ஒரு வழி தெரிந்தது, அதிலிருந்து இன்னொன்று. தென்னரசு மெல்லத் தாளம் போட்டுப் பின்னாலேயே வந்தான். கடைசி ஆள் நற்கருணை வாங்கித் திரும்பும்வரை அவள் நிறுத்தவில்லை.

"இதைத்தாம்மா கேட்டேன். இனிமே அந்த எடம் உங்களுதுதான்" என்றார் ஃபாதர், எல்லார் முன்னாலும். அந்தச் சந்தோஷத்தோடு ஜெசிந்தா புனிதாவைத் தேடிப் போனாள்.

வெளியே மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் புனிதா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். "தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் குரலு மேல போகமாட்டேங்குது. சொன்னா பாட வுடமாட்டாங்கன்னு, தொடைக்கிற சாக்குல வாராவாரம் நான்தான் எறக்கி வெச்சிக்கினு இருந்தேன். இன்னைக்கு நீ கிட்டயே சேக்கலை."

"எனக்குத் தெரியாதுடி! தென்னரசு வேலைன்னு நெனச்சிக்கினு..."

"நான் பாட்டை நிறுத்தினாத்தான் நீ வாசிக்கிறது எல்லார் காதுலயும் விழும்னு வேணும்னே பண்ணலையா நீ?"

"மாதா மேல சத்தியமா இல்லடி!"

புனிதா எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இத்தினி வாரமா வராதது, நான் பாட்டை நிறுத்தின ஒடனே மட்டும் எப்பிடிடி வந்திச்சி?"