தூக்கத்தில் உளறியவள்

பல வருஷம் கழித்து, அரியலூரில் என் பள்ளித் தோழி கலா வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது திரும்பிவிட்டது.

அப்போது எங்கள் தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைத் தூசியால் மொரமொரப்பாக இருக்கும். தன் அக்கா வசந்தா ஒரு லாரி டிரைவரோடு காலை ரயிலில் போய்விடப் போவதைக் கலா என்னிடம் மட்டும் சொன்னாள். அதே வாரம், என் அப்பா குடித்துவிட்டு ரோட்டில் கிடந்ததை வகுப்பில் சொல்லிச் சிரித்தாள். பழி தீர்க்க அவள் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

பிளாட்பாரத்தில் இருவரையும் பிடித்துவிட்டார்கள். டிரைவரை அடித்துத் துரத்தினார்கள். ஒரே மாதத்தில் அக்காவைச் செட்டிகுளத்தில் ஒரு வயதானவருக்குக் கட்டிவைத்தார்கள்.

கலா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நான்தான்டி தூக்கத்துல உளறிட்டேன் போல.”

நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். பள்ளி முடிந்ததும் சென்னைக்கு ஓடிவிட்டேன்.

இன்று உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். “கலா, வசந்தாக்கா விஷயம்...”

ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “போன மாசங்கூட அக்கா கால்ல வுழுந்தேன்டி. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறா. இன்னுங் கொஞ்சம் சோறு போடவா?”

“போதும்” என்றேன்.