காயவைத்த பற்றறி

இந்த நாட்டில் திறப்புக்கும் சுகமில்லாமல் போகும் என்பதை எனக்குக் கார்தான் சொன்னது. வேலைக்குப் போவதற்காக ஏறி உட்கார்ந்தால், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு செய்தி: 'ஷ்லூசல்பட்டெரி ஷ்வாஹ்'. திறப்பின் பற்றறி பலவீனமாகிவிட்டதாம். ஊரில் திறப்பு என்றால் இரும்புச் சாவி. துருப்பிடிக்கும், தொலையும், கிணற்றுக்குள் விழும். களைத்துப்போனதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சுவிஸுக்கு வந்து இத்தனை வருடமாகியும், இப்படியான செய்திகளைக் கண்டால் யாரோ என்னோடு பகிடி விடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அதனால் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பனி கொட்டிய ஒரு பின்னேரம் அது பழிவாங்கியது. நான் சமையல் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்து வெளியே வந்து பொத்தானை அமத்துகிறேன், கார் கண்ணே திறக்கவில்லை. கூட வேலை செய்யும் உர்சுலா என் கையில் இருந்து திறப்பை வாங்கி, அதன் ஓரத்தில் இருந்த சின்னத் தடுப்பைத் தள்ளினாள். உள்ளே இருந்து ஒரு மெல்லிய இரும்புத் திறப்பு வழுகி வந்தது. அவசரத்துக்காக ஒளித்து வைத்திருக்கிறார்களாம். கதவைத் திறந்து தந்துவிட்டு, திறப்பை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் கார் ஓடும் என்பதையும் அவளே காட்டினாள். "வீட்டிலேயே பற்றறியை மாற்றலாம், மிகச் சுலபம்" என்றாள். "எங்கள் அம்மா என்றால் இதை வெயிலில் வைப்பார்" என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாம், உங்கள் நாட்டில் எப்போதும் வெயில், நானும் ஒருமுறை விடுமுறைக்கு வரவேண்டும்" என்றாள். வாருங்கள் என்றேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்து, திறப்பின் விளிம்பில் ஒரு நாணயத்தைக் கொடுத்துத் திருப்பினேன். 'டக்' என்று இரண்டாகப் பிரிந்தது. உள்ளே பொட்டு வட்டத்தில் ஒரு பற்றறி. அதை விரலால் நெம்பி எடுத்தேன். எடுத்த கை யோசிக்காமல் நேரே வாய்க்குப் போனது.

"ஐயோ, என்ன செய்யிறீங்க?" என்று என் மனைவி வதனி கத்தினாள். "அத விழுங்கவா போறீங்க?"

"கடிச்சுப் பாக்கப் போனன். உள்ளுக்க கொஞ்சம் கிடக்கும்."

"பற்றறியக் கடிக்கிற மனிசன நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்று அவள் சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

வதனி கல்லடியில் பிறந்தவள். நான் பிறந்த வீடு மட்டக்களப்பு வாவிக்கு மறுகரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இடையில் கிடப்பது ஒரு வாவிதான். ஆனால் சண்டைக் காலத்தில் அவளுடைய கரையில் கடை வாசலில் மாலை போலத் தொங்கிய பற்றறி, எங்கள் கரைக்கு வரக்கூடாத சாமான். இயக்கத்தின் கைக்குப் போய்விடும் என்று ஆமி அதைத் துறையடியில் பறித்து வைத்தது. அம்மா ஒருமுறை பாண் ரொட்டியைக் குடைந்து, உள்ளே இரண்டு பற்றறியைச் செருகி, அதைப் பிள்ளை போல இடுப்பில் அணைத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டி வந்தார். எங்கள் ஊருக்குக் கரண்ட் இல்லாத காலம். உலகத்தில் நடப்பது எல்லாம் அந்த இரண்டு பற்றறிக்குள்தான் இருந்தது. றேடியோவின் குரல் மெலியத் தொடங்கினால் அம்மா அவற்றைக் கழற்றிச் சுளகில் மிளகாயோடு சேர்த்துக் காயவைப்பார். மாரியில் அடுப்போரம் வைப்பார். பிறகு கடைவாய்ப் பல்லால் ஒரு நசி. அதோடு இன்னொரு செய்தி கேட்கலாம்.

இந்தத் தட்டைப் பற்றறி பல்லுக்கு அகப்படாது என்பதால், அதைச் சுவரோரம் இருக்கும் ஹைட்சுங்கின் மேல் வைத்தேன். குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கும் இரும்பு அது. ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத் திறப்புக்குள் போட்டு, யன்னலால் கீழே பார்த்து அமத்தினேன். காரின் விளக்குகள் ஒருமுறை மின்னின. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் அடுத்த முறை அமத்தியபோது கார் அசையவில்லை.

சுனாமி வந்தபோது என் அண்ணன் கல்லடிக் கடற்கரைப் பக்கம் மேசன் வேலைக்குப் போயிருந்தான். நத்தாருக்கு மறுநாள். சமாதான காலம் என்பதால் பற்றறித் தடை எடுபட்டிருந்தது. ஆனால் மாரி வெள்ளத்தில் வயல் வட்டையும் தெருவும் ஒன்றாகிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. வீட்டில் இருந்தது அம்மா கடித்துக் கடித்து நெளிந்துபோன இரண்டு பற்றறிதான். றேடியோவில் பெயர்கள் வாசித்தார்கள். முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் ஒரு பட்டியல். ஆஸ்பத்திரியில் அடையாளம் கண்ட உடல்களின் பெயர்கள் இன்னொரு பட்டியல். அம்மா றேடியோவைக் காதோடு ஒட்டிப் பிடித்திருந்தார். 'கொக்கட்டிச்சோலை, கணபதிப்பிள்ளை ரவீந்திரன்' என்று அண்ணனின் பெயர் வந்தது. வந்த கையோடு குரல் அமுங்கிச் செத்துவிட்டது.

"மனே, எந்தப் பட்டியல்ல வாசிச்சவன்?" என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பற்றறிகளைக் கழற்றி, கை பொசுங்கும் வரை அடுப்போரம் வைத்து, கடித்து, மறுபடி போட்டார். குரல் வந்தது. அதற்குள் வேறு ஊர்ப் பெயர்களுக்குப் போயிருந்தார்கள்.

நான் வெள்ளத்துக்குள்ளால் நடந்து, மண்முனைத் துறையில் 'பாதை' ஏறினேன். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மட்டக்களப்பு ரவுணில் முகாமாகியிருந்த பள்ளிக்கூடங்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு பள்ளிக்கூடப் படியில், யாருடையதோ சாரனைக் கட்டிக்கொண்டு, முழங்கையெல்லாம் தோல் உரஞ்சி, அண்ணன் பாண் தின்றுகொண்டிருந்தான். நான் அவனைக் கட்டிப் பிடித்து அழுதேன். அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அம்மா கேட்டாவாடா? நாந்தான் பேரக் குடுத்தனான். அம்மா றேடியோவ விடமாட்டா எண்டு தெரியும்."

"கேட்டா. அதோட பற்றறி முடிஞ்சு போச்சு."

திரும்பும் வழியில் திறந்திருந்த ஒரு கடையில் புதுப் பற்றறிகள் வாங்கி அம்மாவின் மடியில் போட்டான். "இது ஆமி விட்ட பற்றறிதான்கா. கடிக்கத் தேவல்ல" என்றான். அம்மா சிரித்தும் அழுதும் அவனை அடித்தார். இவன் எங்கே கிடந்தாலும் தன் பெயரை யாரிடமாவது கொடுத்து அனுப்புவான் என்ற நம்பிக்கை அம்மாவுக்கு அன்றைக்குத்தான் வந்தது.

சுனாமி வீடு கட்டும் வேலை அண்ணனை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோனது. அங்கேயே கலியாணம் செய்தான். பிறகு அங்கே போகும் வீதியைப் பூட்டினார்கள், மறுபடி சண்டை வந்தது. சண்டையின் கடைசி மாதங்கள் வருவதற்குள் நான் சுவிஸுக்கு வந்துவிட்டேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் டிவி, கம்பியூட்டர், போன் எதையும் நாங்கள் அணைக்கவில்லை. வதனி வேலைக்குப் போனால் நான் கேட்டேன், நான் போனால் அவள் கேட்டாள். முகாம்களின் பெயர்கள் வந்தன, ஆட்களின் பெயர்கள் வந்தன. கணபதிப்பிள்ளை ரவீந்திரன் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. சுவரில் இருந்து நிற்காமல் வரும் மின்சாரத்தின் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஊருக்கும் பிறகு கரண்ட் வந்தது. மண்முனையில் பாலமும் வந்துவிட்டது. ஒருநாள் அம்மா போனில் சொன்னார்: "இஞ்ச மழை தூறினாலே கரண்ட் நிண்டு போகுது மனே. உன்ட பக்கம் நிக்கிறதில்ல எண்டாய். இனி நீ கேளு." அன்றிலிருந்து என் போன் அணைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா "ஏதும்?" என்று ஒரு சொல் கேட்பார். "இல்லம்மா" என்பேன். மற்றக் கதைகள் அதற்குப் பிறகுதான்.

இந்த வருடம் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, என்னைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்கு ஈமக்கிரியையைச் செய்துவிட வேண்டும், அக்கா நீ சொன்னால்தான் கேட்பா, நீயே கதை என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எத்தனை காலத்துக்கு ஒரு தாயை இப்படி வைத்திருப்பது? இந்த ஞாயிறு சொல்லியே தீருவது என்று இருந்தேன். போனை எடுத்ததும் அம்மா "என்ன மனே, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்றார். கிரியையைப் பற்றிச் சொல்லாமல், கார்த் திறப்பின் கதையைச் சொன்னேன்.

"எங்க வச்சுக் காயவச்சாய்?"

"சூடு வாற இரும்புக்கு மேல."

"வேலை செஞ்சுதா?"

"ஓம், ஒருக்காச் செஞ்சது."

அம்மா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு நெடுநாள். "அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கிடக்கும் மனே. எறிஞ்சிராத." பிறகு, வழமையாக முதலில் கேட்பதைக் கடைசியாகக் கேட்டார்: "ஏதும்?"

"இல்லம்மா. கேட்டுக்கொண்டுதான் இருக்கன்."

மாமாவுக்கு எடுத்து, என்னால் முடியாது, இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான்.

மறுநாள் காலை வதனி பனிக்குள் நின்று திறப்போடு மல்லுக்கட்டி, வேலைக்குப் பிந்தி, திறப்பை என் கையில் தந்துவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். "பின்னேரம் வரக்குள்ள புதுப் பற்றறி போட்டிருக்க வேணும், சொல்லிப்போட்டன்" என்றாள். காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். புதியதை வாங்கி அங்கேயே நின்று திறப்புக்குள் போட்டேன். வாசலில் பழைய பற்றறிகளைப் போடும் பெட்டி இருக்கிறது. இங்கே அவற்றைக் குப்பையில் போடக்கூடாது. பெட்டியின் கண்ணாடிக்கு ஊடாக உள்ளே பார்த்தேன். நிறைய, வாய் வரை. எங்கள் ஊருக்கே வருடக் கணக்கில் செய்தி கேட்கப் போதுமான பற்றறிகள், ஒன்றிலும் பல் அடையாளம் இல்லை.

நான் கழற்றிய பழையதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதைக் கண்டு, கடைப் பெண் அருகே வந்தாள். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, பெட்டியில் இருந்த படத்தைத் தொட்டுக் காட்டி, மெதுவாக, "கபுட்?" என்று கேட்டாள். செத்துவிட்டதா என்றுதான்.

"நொஹ் நிஹ்ட்" என்றேன். இன்னும் இல்லை.

அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தாள். நான் வெளியே வந்து திறப்பை அமத்தினேன். பனி மூடிய கார்களின் வரிசையில், தூரத்தில் எங்களுடையது உடனே விளக்கை மின்னிப் பதில் சொன்னது. மற்றக் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. பழைய பற்றறியை அது சூடாகும் வரை பொத்திப் பிடித்திருந்தேன்.