முந்திரிகைப் பந்தலும் புதுத் துவக்கும்

உரும்பிராயில் எங்கள் முந்திரிகைப் பந்தலை அப்பாவைவிட அணிலும் மைனாவும்தான் அக்கறையாகக் கவனித்துக்கொண்ட காலம் அது. திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். பழுக்கும் குலையில் பாதி அவற்றுக்குத்தான். பொறுக்கமாட்டாமல் பெரியப்பா அனுமதியெல்லாம் எடுத்து, கொழும்பிலிருந்து அவற்றைச் சுட ஒரு காற்றுத் துவக்கு வாங்கி வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா துவக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேசிக்காய் வெட்டினார். மோட்டார் சைக்கிள் வந்தபோதும் அப்படித்தான் செய்தார். அப்பா ஒருபடி மேலே போனார். புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீற்றர் மெதுவாக ஓட்டிப் பழக்கியது போலவே துவக்கையும் பழக்கவேண்டும் என்றார். நாளுக்கு ஐந்து குண்டுதான், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலுக்குள் இரண்டு சொட்டு எண்ணெய். அது வெறும் குழாய், பழக்க அது என்ன மாடா என்று பெரியப்பா சண்டை பிடித்துவிட்டுப் போய்விட்டார். நாலு நாளும் குண்டுகள் தாம் விரும்பிய பக்கம் போயின. ஒன்று எங்கள் தண்ணீர் வாளியையே ஓட்டையாக்கியது. மைனாக்கள் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எண்ணெய் சித்தியின் தையல் மெசினுடையது. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தார். நாட்டில் நடந்த சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தவர். அதுவரை வவுனியாவில் தையல் படித்தார் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. முப்பத்திரண்டு வயதாகியும் ஒரு சம்பந்தமும் சரிவராததில் அம்மாவுக்கு நித்திரையே இல்லை. தரகரிடமும் அம்மா அதே தையல் கதையைத்தான் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் சித்தி எண்ணெய்ப் போத்தலைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார். அப்பா குழலுக்குள் எண்ணெய் விடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், உது மோட்டச்சைக்கிள் இல்லை. உள்ளுக்கை எண்ணெய் நிண்டால் குண்டு நேரை போகாது. வடிவாத் துடைச்சுப்போட்டு, எண்ணெய் விடாமல் ஒரு அம்பது குண்டு சுடுங்கோ. பிறகு தன்ரை வழிக்கு வரும்."

துணித் துண்டொன்றைத் தங்கூசி என்ற நைலோன் நூலில் கட்டிக் குழலுக்குள் இழுத்தார். கறுப்பாக வந்தது. வெள்ளையாக வரும்வரை இழுத்தார். அப்பா மறுபேச்சில்லாமல் ஐம்பது குண்டும் சுட்டார். பிறகு, சரிவந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லித் துவக்கைச் சித்தியிடமே நீட்டினார்.

சித்தி மண்ணில் குப்புறப் படுத்தார். வேலியோரம் குறிக்கு வைத்திருந்த மீன் ரின் தகரத்தில் ஐந்து வெடி. ஐந்தும் என் பெருவிரல் நகத்தால் மூடக்கூடிய இடத்தில் பட்டிருந்தன. நான் மட்டும் கைதட்டினேன். அம்மா குசினி வாசலில் நின்று, "எழும்பி உள்ளுக்கை வா" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை தெல்லிப்பழையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்க்குச் சித்தியை நன்றாகப் பிடித்துவிட்டது. பயற்றம் பணியாரத்தைக் கடித்தபடி என்னைப் பக்கத்தில் இருத்தி, சித்திக்கு என்னென்ன தெரியும் என்று செல்லமாகக் கேட்டார். தையல், சமையல் எல்லாம் சொன்னேன். அதெல்லாம் எல்லா வீட்டுச் சித்திமாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியது. எப்படியாவது இந்தக் கலியாணத்தை நடத்தி வைக்கவேண்டும் என்ற ஆசையில், சித்தி துவக்கைத் துடைத்ததையும், குப்புறப் படுத்ததையும், மீன் ரின்னையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் மரியாதையாகத்தான் எழுந்து போனார்கள். பிறகு ஒரு தகவலும் வரவில்லை.

யாரும் என்னை ஏசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஒருநாள் பின்னேரம் சித்தி எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது, நான் ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டேன்.

"இல்லையம்மா. நீ சொன்னதிலை ஒண்டும் பொய்யில்லைத்தானே" என்றார். போட்ட பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னினார்.

சித்தி என்னைப் பாராட்டிவிட்டார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோசத்தில் அடுத்தநாள் பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் சொன்னேன்.