அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை: ஓகூஸில் ஒரு டிம் சம் மதியம்

போன வியாழக்கிழமை, டென்மார்க்கில் நான் இருக்கிற ஸ்கீவவிலிருந்து ஓகூஸுக்குப் போய் வந்தேன். டிம் சம் சாப்பிடப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம். ஆண்டுத் திவசம் முடியவில்லை, இவளுக்குக் கடைச் சாப்பாடு கேட்கிறதோ என்று ஸ்கீவவிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்கிறேன். இவருக்கு ஓகூஸ் பெரியாஸ்பத்திரியில்தான் வைத்தியம். மூன்று கிழமைக்கு ஒரு தரம், வியாழக்கிழமைகளில், இரண்டு வருடம் போய் வந்தோம். மருந்து ஏற்றி முடிந்தால் மனிதனுக்குச் சோறு இறங்காது. இடியப்பம் இறங்காது. நான் கட்டிக்கொண்டு போன புட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவார். ஒருநாள் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னச் சீனக் கடையின் ஆவி கண்ணாடியில் படிந்திருக்க, "அதென்ன, அவிக்கிற மணமோ?" என்று நின்றார். உள்ளே போனோம். இறால் வைத்து அவித்த, கொழுக்கட்டை போல ஒன்று. ஒரு பெட்டியில் வந்த நான்கையும் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னுடையதில் இரண்டை எடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கடைதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்பதை மறந்து "இண்டைக்கு டிம் சம்" என்று வெளிக்கிடுவார்.

இனி எனக்குக் கோபம் வரும் பகுதி. எட்டுச் செலவன்று, அதாவது செத்து எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். நண்டு, கணவாய், முட்டைப்பொரியல், ஒரு சின்னப் போத்தலில் சாராயம், எல்லாம் வைத்தோம். மகன் ஓகூஸிலிருந்து அந்த டிம் சம்மையும் வாங்கி வந்தான். சூடாக்கி இலையின் ஓரத்தில் வைத்தேன். என் மச்சாள், அவருடைய அக்கா, கண்ணால் கண்டதும் வந்தா.

"இதென்னடி?"

"அவருக்கு விருப்பம், மச்சாள்."

"உள்ளுக்கு என்ன?"

"ஒண்டுக்குள்ள இறால். மற்றதுக்குள்ள பன்றி."

"பன்றியைப் படைக்கிறதோ! ஆரும் கேள்விப்பட்டதோ?" என்று சொல்லிக்கொண்டே இலையில் வைத்ததைக் கையால் அள்ளி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தா. இலையில் வைத்ததை! இருபத்தேழு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டிக் குடும்பம் பார்த்த மனிதன் அவர். அப்போது ஊரிலிருந்த இந்த அக்காவுக்குச் சீதனக் காசு அந்தப் பன்றியில்தான் போனது. அன்றைக்கு வீடு நிறையச் சனம். வந்தவர்களுக்குச் சோறு போட்டேன். எட்டு மாதமாக அந்தக் குறை இருக்கிறது. அவருக்குக் கடைசியாக இறங்கிய சாப்பாட்டை அவருக்கு முன்னால் ஒருதரம் வைக்கவேண்டும். வேறொன்றுமில்லை, அதற்குத்தான் இந்தப் பயணம்.

காலை 9.40க்கு ஸ்கீவவில் ஏறினேன். ஓகூஸ் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ரயிலில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். சில ரயில்கள் நேரே போகும், சிலதில் லாங்ஓவில் இறங்கி மாறவேண்டும். மாறுகிற இடத்தில் மேடை மாறும், படி ஏறி இறங்கவேண்டும், சீக்காளிகளோடு போகிறவர்கள் நேரே போகிற ரயிலையே பாருங்கள். கார்த்திகை மாதக் காற்று. ஜன்னலுக்கு வெளியே உழுத வயலும் மின்சாரக் காற்றாடியும். அவர் ஜன்னல் பக்கம் இருந்து நித்திரை கொள்வார், நான் பை பிடிப்பேன். இந்தமுறை நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். பை பக்கத்துக் கதிரையில் இருந்தது.

பதினொன்றரைக்குக் கடை திறக்கும். நான் போய்ச் சேர ஐந்து நிமிடம் பிந்திவிட்டது, அதற்குள் வாசலில் வரிசை. இந்தக் கடைக்கு எப்போதும் வரிசைதான். பல்கலைக்கழகப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர், ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிறவர்கள். மலிவு. மதிய நேரத்தில் மூன்று பெட்டி 119 குரோனர், தேத்தண்ணீர் 20, எத்தனை தரமும் ஊற்றித் தருவார்கள். பெட்டி என்றால் புட்டு அவிக்கிற எங்கள் நீத்துப்பெட்டி மாதிரி, ஆனால் மூங்கிலில், வட்டமாக, மூடியோடு. டென்மார்க்கில் 139க்கு வயிறு நிறைய இருந்து சாப்பிட வேறு எங்கே போவீர்கள்?

வாசலில் நின்ற பெட்டை டெனிஷ்காரி, புதிது. எத்தனை பேர் என்று கேட்டாள். டெனிஷில் "ரெண்டு" என்றேன்.

"மற்ற ஆள்?"

"வரமாட்டார்."

"அப்ப ஒரு ஆள்."

"இல்லை. ரெண்டு கதிரை வேணும்."

"எல்லாரும் வந்தால்தான் ரெண்டு பேர் மேசை தருவம். அதுதான் எங்கட முறை."

எல்லோரும் வந்தால்தானாம்! நான் ஒருத்திதான் என்று எனக்கு இவள் வந்து சொல்லித்தரவேண்டியிருக்கிறது. எட்டு மாதமாக ஒவ்வொரு காலையும் எனக்கு அது தெரிகிறது. பின்னால் நின்ற ஒரு ஆள் பெருமூச்சு விட்டான். கடைசியில் சமையலறைக் கதவோடு ஒட்டிய நீள மேசையின் ஓரத்தில் இருத்தினாள். எதிரே ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. சரி, போதும் என்று இருந்தேன்.

இறால் ஒன்று, பன்றி இறைச்சி ஒன்று, எனக்கு மரக்கறி ஒன்று கேட்டேன். கால் மணித்தியாலத்தில் ஆவி பறக்க வந்தது. இறாலையும் பன்றியையும் எதிர்க் கதிரைக்கு முன்னால் தள்ளி வைத்தேன். மூடியைத் திறந்தேன். மிளகாய் உறைப்புச் சாந்தைப் பக்கத்தில் வைத்தேன். அவர் குச்சியால் சாப்பிடமாட்டார், ஒரு முள்ளுக்கரண்டி எடுத்து வைத்தேன். விரலால் தண்ணீர் தொட்டுச் சுற்றிவரத் தெளித்தேன். கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்புப் படை வந்துவிடும், அதனால் மனதுக்குள்ளே கொளுத்திக் கும்பிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படைத்துவிட்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போவோம். போனவர் வந்து சாப்பிடுவார், உயிரோடிருக்கிறவர்கள் பார்க்கக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறப்போம். கடையில் எந்தக் கதவைச் சாத்துவது? எழும்பி, குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெளியே போய் சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பத்து நிமிடம்.

உள்ளே வந்தால் மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கிறது! பெட்டி இல்லை, முள்ளுக்கரண்டி இல்லை. என் கதிரையில் ஒருத்தி, அவருடைய கதிரையில் ஒருத்தன், இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருந்து சாப்பாடு குறிக்கிற சீட்டில் பென்சிலால் கீறுகிறார்கள்.

முப்பது வருடம் டெனிஷ் கதைத்தவள் நான். அந்த நேரம் ஒரு டெனிஷ் சொல் வாயில் வரவில்லை. "ஆரடா எடுத்தது?" என்று தமிழில் கத்தினேன். கடை முழுவதும் நின்று பார்த்தது. சமையலறைக் கதவால் ஒரு சீனப் பெண் வந்தா. என் வயதிருக்கும். அவவை எனக்குத் தெரியும், இரண்டு வருடம் எங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினவ. அவவும் என்னை மேலும் கீழும் பார்த்தா.

"முள்ளுக்கரண்டிக்காரர் எங்க?" என்று கேட்டா.

அதற்குப் பிறகுதான் எனக்கு டெனிஷ் வந்தது. "செத்துப்போனார். அவருக்கு வைச்ச சாப்பாட்டைத்தான் நீ குப்பையில கொட்டினாய்!" டெனிஷில் எல்லோருக்கும் ஒரே "நீ" தான், அன்றைக்கு அது வசதியாக இருந்தது.

அவ மன்னிப்புக் கேட்பா என்று நினைத்தால் அவவும் என் மேல் பாய்ந்தா. "எனக்கென்னெண்டு தெரியும்? நீ கோட்டைப் போட்டாய், கும்பிட்டாய், வெளியில போனாய்! காசும் வைக்கேல்லை! வாசலில சனம் நிக்குது! ஆக்கள் போனா நான் துடைக்கத்தானே வேணும்?"

"சாப்பாடு தொடாமக் கிடந்ததே! கண் தெரியாதோ?"

"இந்த நாட்டில பாதிப் பேர் தொடாமத்தான் விட்டிட்டுப் போகினம்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சொல்லாமலே எழும்பிச் சுவரோடு போய் நின்றார்கள். சீனப் பெண் உள்ளே போனா. ஒரு தட்டுச் சத்தம், சமையல்காரனோடு ஏதோ பேச்சு. பிறகு இரண்டு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் அடித்து வைத்தா. பக்கத்தில் முள்ளுக்கரண்டி.

"காசு வேண்டாம்," என்றா.

"வேணும். ஓசிச் சாப்பாடு அவருக்கு வைக்க ஏலாது. நான்தான் குடுக்கவேணும்."

"சரி, குடு. எவ்வளவு நேரம் வேணும்?"

"பத்து நிமிசம்."

"ஏழு. வியாழக்கிழமை மத்தியானம் தெரியுமோ?"

"அவர் அவசரப்படமாட்டார், ஆறுதலாச் சாப்பிடுவார்."

அவ வாசல் வரிசையைப் பார்த்தா. மேசையைப் பார்த்தா. "ஓம், தெரியும். ஆறுதலாத்தான் சாப்பிடுவார்," என்றா. "பத்து. ஆனால் கோட்டை விட்டிட்டுப் போ. கோட்டு இருந்தால் ஆக்கள் இருக்கினம் எண்டு அர்த்தம்."

பாருங்கள், இது எனக்கு முதலே தெரிந்திருக்கவேண்டும். இந்த நாட்டில் கதிரைக்குச் சாட்சி கோட்டுத்தான். கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டுச் சட்டையோடு வெளியே போய் நின்றேன். துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்று எலும்புக்குள் போனது. கையிரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு நேரம் கொடுத்தேன். வாசல் பெட்டை ஒருதரம் வெளியே எட்டிப் பார்த்து, உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினாள். தலையாட்டி மாட்டேன் என்றேன்.

திரும்பி வந்தபோது என் கோட்டு இருந்தது. அவருடைய கதிரையில் ஒருவரும் இருந்துவிடாமல் மெனு மட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வரிசை வீதிவரை போயிருந்தது. பெட்டி வைத்தது வைத்தபடி. எல்லாம் ஆறி, மாத்தோல் விறைத்துப் போயிருந்தது. படைத்ததை வீட்டிலுள்ளவர்கள் சாப்பிடவேண்டும் என்பது முறை. பன்றி நான் தின்பதில்லை. அன்றைக்குத் தின்றேன். அவருடைய முள்ளுக்கரண்டியாலேயே, எட்டையும். ருசி எப்படி என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. காசு முழுவதும் கொடுத்தேன். குப்பையில் போனதற்கும் கொடுத்தேன், அவ வாங்க மறுக்கவில்லை. வாங்கியது எனக்கு நல்லதாகப் பட்டது.

பின்னேரம் ரயிலில் வரும்போது மச்சாளின் தொலைபேசி.

"எங்க போயிட்டு வாறாய்?"

"உங்கட தம்பிக்குச் சாப்பாடு வைக்கப் போனனான். ஓகூஸில. சீனக் கடையில."

"என்ன வைச்சனீ?"

"இறால். பன்றி. ரெண்டும்."

இனிப் பேச்சு விழும் என்று தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். ரயில் வீபோ நிலையத்தைத் தாண்டியது. பிறகு, "உறைப்பு வைச்சனியோ? அவன் உறைப்பில்லாமத் தொடமாட்டானடி," என்றா. இலையிலிருந்து அள்ளி எடுத்தவவின் குரல்தான் அது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ரயிலில் சனம் இருந்ததால் கோபத்தை மட்டும் வெளியே விட்டேன். "வைச்சனான், மச்சாள். எனக்குத் தெரியாதோ அவரை?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் ட்ராமில் ஏறினால் இருபது நிமிடத்தில் ரயில் நிலையம், அங்கிருந்து நடை தூரம். வரிசையில் நிற்க ஏலாத சீக்காளி என்றால் வாசலில் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கதிரை தருவார்கள். ஒன்றரை மணிக்குப் பிறகு கூட்டம் குறையும். இறாலில்தான் தொடங்குங்கள், வயிற்றைப் பிரட்டாது, வாய் புண்ணானவர்களுக்கும் இறங்கும். வந்த சூட்டோடு சாப்பிடுங்கள்.

எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படியான கடைகளில் மேசை துடைக்கிறார்கள், அவர்களும் இதை வாசிக்கக்கூடும். தம்பி, தங்கச்சி, வரிசை வீதியில் நிற்கும், முதலாளி பார்ப்பான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஆளில்லாத கதிரைக்கு முன்னால் சாப்பாடு தொடாமல் இருந்தால் உடனே எடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் விடுங்கள். சிலர் ஆறுதலாகத்தான் சாப்பிடுவார்கள்.