என் அரிவாளைத் திருத்தியவர்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் மாடியில் குடியிருந்தார் ஒரு ரிட்டயர்டு ஃபிட்டர். கட்டைகுட்டையான ஆள், லுங்கி இடுப்பில் எப்போதும் ஒரு அரம் செருகியிருக்கும். கண்ணில் படுகிற கத்தி, மண்வெட்டி எதையும் யாரையும் கேட்காமல் எடுத்துத் தீட்டிவிடுவார்.

ஒருநாள் என் புல்லரிவாளையும் தீட்டியிருக்கிறார். அது தெரியாமல் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். அரிவாள் புல்லில் பிடிக்காமல் வழுக்கி என் காலைக் கிழித்தது. ரத்தத்தோடு மாடி ஏறினேன்.

“தப்புப் பக்கம் தீட்டியிருந்துச்சுங்க அம்மணி. சரி பண்ணி வச்சேன்,” என்றார்.

“நான் இடக்கைக்காரிங்க! என்ற கைக்குத் தோதா நானே தீட்டி வச்சது. தொடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

அவர் முகம் சுண்டிப்போனது. அன்றே மறுபக்கம் அராவி, எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, அக்கறையாகத்தான் கேட்டார்: “ஏனுங்க, சோறாச்சும் சோத்தாங்கைல திங்கறீங்களா?”

கதவை அறைந்து சாத்தினேன்.

அவர் காலி செய்துபோய் இரண்டு வருடமாகிறது. என் இடது கையில் அந்த அரிவாள் இன்றும் அருமையாக அறுக்கிறது. ஒவ்வொரு பிடி புல்லுக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.