அம்மாவின் தோளருகே இன்னொரு முகம்

“…பேயும் இல்ல, பிசாசும் இல்ல அண்ணாச்சி, நல்லாப் பாருங்க” என்றாள் மாரியம்மா. அவளிடம் நான் நீட்டிய ஈரப்படத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிலிம் காலத்தில் விஸ்வநத்தத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த மாரியம்மா, இறந்துபோன தன் அம்மாவின் ஒரே படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்தாள். அது செல்லரிக்கத் தொடங்கியிருந்ததால் நகல் கேட்டாள். கழற்றச் சோம்பல்பட்டு, கண்ணாடியோடு அப்படியே எடுத்துவிட்டேன்.

மறுநாள் இருட்டறையில், சிவப்பு விளக்கடியில், மருந்துத் தட்டில் கிடந்த தாளில் அந்த அம்மாவின் முகம் மெல்லத் தெளிந்தது. கூடவே தோளருகே இன்னொரு பெண் முகம், புகைபோல. பேய் என்றே நினைத்துவிட்டேன். எப்படியோ கழுவி எடுத்து, வெளியே காத்திருந்தவளிடம் ஓடினேன்.

“இது நாந்தேன். நீங்க எடுக்கையில பின்னால நின்னு எட்டிப் பாத்தேம்லா?”

கண்ணாடியில் விழுந்த அவள் முகம்தான்! “தப்பு எம்மேலதான் தாயி. கண்ணாடியக் கழட்டிட்டு வேற எடுத்துத் தாரேன்” என்றேன்.

“ஆத்தாளும் நானும் சேந்து ஒரு போட்டோகூட இல்ல அண்ணாச்சி. எப்பக் கேட்டாலும், ‘தீவாளி சீசன் முடியட்டும்ளா’ன்னுருவா.”

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அந்தப் பதில்தான்.

இப்போது கைபேசியில் நகல் எடுத்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்கிறேன். ஆனால் கழற்றுமுன் படம் கொண்டுவந்தவரிடம், “நீங்க ரெண்டு பேரும் சேந்து எடுத்த படம் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாரியம்மா வேறு படம் கேட்கவில்லை. ஈரம் காயும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதே முந்தானையில் பொதிந்து எடுத்துப் போனாள்.