நாமக்கோழிக்கு வைத்த மருந்து

மிளகும் சீரகமும் அம்மியில் நசுங்கும் வாசனை தெருமுனை வரை வந்திருந்தது. பள்ளி விட்டு வந்த எனக்கும் தம்பிக்கும் அன்றைக்குக் கறிக்குழம்பு என்று புரிந்துவிட்டது. அரியலூரை மாவட்டமாக்கி, பிறகு பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்திருந்த சமயம். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்பு "நாமக்கோழி"கள் கூட்டமாக இறங்கியிருந்தன. அவற்றில் இரண்டை அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கொண்டுவந்திருந்தார்.

"சுட்டது இல்லக்கா. கரையோரம் செத்து மெதந்துச்சு, ஒடம்புல சூடுகூட ஆறல" என்றார். எதனால் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கறி கிடைத்த வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்! உப்புப் பார்க்கச் சொல்லி அம்மா ஒரு துண்டு ஈரலைத் தம்பி கையில் வைத்தாள். எனக்குத் தரவில்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வயலிலிருந்து வந்த அப்பா கொல்லையில் கிடந்த இறகுகளைப் பார்த்தார். கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்கி வாசலில் எறிந்தார். "அது மருந்து தின்னு செத்ததுடி! யாராச்சும் வாயில வச்சீங்களா?" என்று அலறியவர், தம்பி தலையாட்டியதும் அவன் தொண்டைக்குள் விரலை விட்டார். எங்களை அதட்டிக்கூடப் பேசாத மனிதர். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"ஏங்க, மருந்துன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

வாயில் எச்சில் ஒழுக, கைகால் நடுங்கத் தொடங்கிய தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா பஸ்ஸுக்கு ஓடினார். நட்ட பயிரை நாமக்கோழிகள் பிடுங்கிப் போடுகின்றனவே என்று நெல்லில் பூச்சிமருந்தைக் கலந்து வரப்போரம் தூவியவர் அவரேதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெற்ற அப்பாவா!

பெரியாஸ்பத்திரியில் தம்பி பிழைத்துக்கொண்டான். ஊர்க்கூட்டத்தில் யாரும் கேட்காமலே அப்பா எழுந்து, "நாந்தாங்க வச்சேன்" என்றார். அதே யோசனையில் இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் போல. நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே எவன் மருந்து வச்சாலும் அவன் வயலுக்கு ஏரித்தண்ணி கெடையாது. பயிரு போச்சுன்னா நாத்து ஊரு குடுக்கும்" என்றார் ஊர்ப்பெரியவர். மறுநாளே வீட்டுக்கு ஓர் ஆளாக "முறைக்காவல்" தொடங்கியது. தகரம் தட்டிப் பறவைகளை வயலிலிருந்து ஏரிக்கே திருப்பி விடுவோம். அடுத்த ஐப்பசியில் நாமக்கோழிகள் தண்ணீரே தெரியாதபடி வந்து இறங்கின.

இன்று கரையோர வயல்கள் பாதி தைலமரத் தோப்பு. முறைக்காவல் நின்றுபோய் வருடங்களாகின்றன. யார் எதைத் தெளிக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை, நாமக்கோழிகளும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகின்றன. அந்தக் கறிக்குழம்பு நாளுக்குப் பிறகு, தம்பியின் தட்டிலிருந்து முதல் வாய்ச் சோற்றை அப்பாதான் எடுத்துத் தின்பார். அவன் மீசை முளைத்துக் கூச்சப்பட்டபோதும் விடவில்லை. போன வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். தம்பி இப்போதும் சோற்றைப் போட்டதும் கை வைக்காமல் சற்றுநேரம் உட்கார்ந்திருக்கிறான்.